மாமி இழுத்துப் பார்க்காத எட்டு விரல்கள்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். படம் எடுத்து அனுப்பாதீர்கள். முக்கியமாக என் அப்பாவுக்குக் காட்டாதீர்கள். தவமணி மாமியைத் தெரிந்த ஒருவரின் கையில்தான் இது கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் இருக்கும் டெனிஷ் நகரமான சில்க்போர்க்கில் உள்ள தமிழ் வீடுகளில் மாமியைத் தெரியாத வீடு இல்லை. வாசித்துவிட்டு, அவரைப் பற்றி இப்போது எல்லோரும் சொல்லும் ஒரு கதையை மட்டும் நம்பாமல் விடுங்கள். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

மாமியின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் என் பெயரிலும் ஓர் அஞ்சலி வரப்போகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அப்பா சிவப்புப் பேனையால் வெட்டிய பிறகு மிஞ்சியது. இது வெட்டாதது. எல்லோரும் படுத்த பிறகு, மேசை விளக்கின் மேல் துவாயைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பௌதிக வகுப்பில் இருந்தேன். திங்கட்கிழமை. இரண்டு நாளுக்கு முன்புதான் எனக்கு, பெரியபிள்ளை ஆனதற்கான சாமத்தியச் சடங்கு நடந்திருந்தது. உள்ளங்கையில் மருதோன்றிச் சிவப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த டெனிஷ்ப் பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உடனே வீட்டை வா” என்று அம்மா தகவல் அனுப்பியிருந்தார். வீட்டு வாசலில், சப்பாத்துப் போட இருக்கும் சிறிய வாங்கில் அப்பா இருந்தார். ஒரு காலில் சப்பாத்து இருந்தது, மற்றக் காலில் இல்லை. சடங்குக்காக ஹ்விடோவ்ரேயிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வரவேற்பறையில் இன்னும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “தவம் செத்துப்போனாள் பிள்ளை. கடலுக்க” என்று அம்மா சொன்னார். அப்பா போட்டிருந்த சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார்.

தவமணி மாமி அப்பாவின் கூடப்பிறந்த தங்கை அல்ல. இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள். மாமிக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. அதனால் மாமியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கால் கழுவியது என் அப்பா. அன்றிலிருந்து அப்பா அவருக்கு அண்ணை. அப்பா ஒன்று சொன்னால், மாமி அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் விசாரிக்க மாட்டார்.

இருவரும் வேலை செய்தது ஒரே இடத்தில்தான். அதன் பெயரை எழுத மாட்டேன். முன்பு அங்கே லொறிகளுக்கும் கூடாரங்களுக்கும் விரிப்புத் தைத்தார்கள். கடந்த சில வருடங்களாக ஹோவர்கிராஃப்டுக்குத் தைக்கிறார்கள். அது தனக்குக் கீழே காற்றை ஊதி, அந்தக் காற்றின் மேல் மிதந்து போகிற வாகனம். தண்ணீரிலும் சேற்றிலும் மணலிலும் ஒரே மாதிரி ஓடும். எங்கள் கரையோரத்தில் கப்பல் போக முடியாத ஆழமில்லாத கடல் நிறைய இருக்கிறது, சின்னச் சின்னத் தீவுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் காவல் காப்பதற்குப் படையினருக்கென்று இதை வடிவமைத்தார்கள். போர் வரும் என்று இப்போது இருக்கிற பயத்தில் எல்லாம் அவசரம் என்று அப்பா சொல்வார்.

ஊதுகிற காற்று வெளியே ஓடிவிடாமல் இருக்க, வாகனத்தைச் சுற்றிக் கறுப்பு இறப்பர் துணி தொங்கும். அதை மாமி ‘பாவாடை’ என்பார். அந்தப் பாவாடையின் கீழ்ப்பகுதி ஒரே துண்டு அல்ல. கையகல இடைவெளிகூட இல்லாமல் நெருக்கமாகத் தொங்கும் தனித்தனித் துண்டுகள். அவற்றுக்கு விரல்கள் என்று பெயர். அப்பா விரல்களை ஆணி முடுக்கிப் பூட்டுவார். மாமி ஒவ்வொன்றையும் சோதிப்பார். தாளில் பூட்டியவர் ஒரு கையெழுத்து, சோதித்தவர் ஒரு கையெழுத்து. இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம்.

“என்ன வேலை செய்யிறியள்?” என்று யாராவது கேட்டால், “ஆமிக்காரருக்குப் பாவாடை தைக்கிறன்” என்பார் மாமி. கேட்டவர் சிரித்து முடியும்வரை தான் சிரிக்காமல் நிற்பார்.

மாமி விரல்களைச் சோதிக்கும் விதத்தை ஒரு முறை நேரில் பார்த்தேன். குடும்பங்களை அழைத்துக் காட்டிய ஒரு நாள். வாகனத்தின் பக்கவாட்டில் ஒரு காலை ஊன்றி, விரலை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார். இழுக்கும்போது அதனோடு கதைப்பார். “வா பாப்பம்.” வராவிட்டால் அடுத்ததுக்குப் போவார். அங்கிருந்த டெனிஷ்காரர்களும் அந்த இரண்டு சொல்லைப் பழகிவிட்டார்கள். மேற்பார்வையாளர் ஹென்றிக், கோப்பி மெஷின் கதவு திறக்காத போதெல்லாம் “வா பாப்பம்” என்பாராம்.

அந்த ஹென்றிக் ஒரு நாள் தானே ஒரு வரிசை விரல்களைப் பூட்டிவிட்டு, நேரம் போகிறது, சோதித்ததாகக் கையெழுத்தைப் போடு என்று மாமியிடம் சொன்னார். மாமி பேனையைக் காதில் செருகிக்கொண்டு முதல் விரலிலிருந்து இழுக்கத் தொடங்கினார். ஹென்றிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினோராவது விரல் மாமியின் கையோடு வந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஹென்றிக்கின் மேசையில் வைத்து, “வெள்ளிக்கிழமை கேக் உங்கடை” என்று டெனிஷில் சொன்னார். பிழை விட்டவர் எல்லோருக்கும் கேக் கொண்டுவருவது அங்கே வழக்கம். இதை அப்பா எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறார். மாமி பக்கத்தில் இருந்து, “இழுத்துப் பாத்தாத்தானே அண்ணை எனக்கு நித்திரை வரும்” என்பார்.

குடும்பங்களை அழைத்த அதே நாளில் வாகனத்தைக் கரைக்குக் கொண்டுபோய் ஓட்டியும் காட்டினார்கள். முழங்கால் அளவு தண்ணீர். அதற்கு அப்பால் வெறும் சேறு. அந்த வாகனம் ஒரு பெருமூச்சு விட்டு எழும்பி, தண்ணீரிலிருந்து சேற்றுக்கும் சேற்றிலிருந்து புல்லுக்கும் நிற்காமல் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். ஹென்றிக் வந்து, எப்படி இருக்கிறது உன் பாவாடை என்று மாமியிடம் கேட்டார். மிக நன்று என்று டெனிஷில் சொல்லிவிட்டு, மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நாங்கள் கடலேரியால வரேக்க இது அவங்களிட்டை இருந்திருந்தா, நாங்கள் ஒருத்தரும் கரைக்கு வந்திருக்க மாட்டம்.”

“சும்மா இரு தவம். இது இந்த நாட்டுக்காரரின்ர.”

“ஓம். இவையின்ர. நான்தானே இழுத்துப் பாத்துக் குடுக்கிறன்.”

ஊரில் யுத்தம் நடந்த காலத்தில், சின்ன வயதில் மாமி இரவோடிரவாகப் படகின் அடித்தட்டில் படுத்துக்கொண்டு கடலேரியைக் கடந்தவர். கடற்படைப் படகு அந்த ஆழமில்லாத இடத்துக்கு வரமுடியாமல் தூரத்தில் நின்று சுட்டது. அதனால்தான் உயிர் தப்பினார்கள். அதைப் பற்றி மாமி என் முன்னால் கதைத்தது அந்த ஒரு தரம்தான். பிறகு எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

இனி வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதவேண்டும்.

அடுத்த நாள் என் சடங்கு. எனக்கு அது விருப்பம் இல்லை. இரண்டு வருடமாக நான் தள்ளிப்போட்ட ஒன்று. மண்டபம், படப்பிடிப்பு, அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் சொந்தக்காரர் என்று எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அப்பா பாதிநாள் லீவு எடுத்து, என்னைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு சட்டை தைக்கிற அக்காவிடம் போனார். காரில் நாங்கள் இருவர்தான். அப்பா மாமிக்கு ரெலிபோன் எடுத்தார். சத்தம் காருக்குள் கேட்டது. அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இந்த மூன்று கிழமையில் நான் அதை மறக்காமல் இருக்க எத்தனையோ தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

“தவம், என்ர வேலை முடிஞ்சுது. தாளில என்ர கையெழுத்தையும் நீயே போட்டுவிடு.”

“பின் இடப்பக்கம், அண்ணை? புது விரல் எட்டு?”

“அதுவும் முடிஞ்சுது. நீ நிண்டு மினக்கெடாத. வெளிக்கிட்டு வா. தட்டு அடுக்க ஆள் இல்லாமல் உன்ர மச்சாள் நிண்டு கத்துறாள்.”

“ஓம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி.”

ரெலிபோனை வைத்த பிறகு அப்பா என்னைப் பார்க்காமல், தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். “எட்டிலயும் பாதி ஆணி பூட்டேல்லை. பின்னேரம் ஒருக்காப் போய்ப் பூட்டிப்போட்டு வாறன். ஒரு மணித்தியால வேலை. உண்மையைச் சொன்னால் இவள் நிண்டு முடிச்சுப்போட்டுத்தான் வருவாள்.”

அப்பா மாமியைக் கெடுக்க நினைக்கவில்லை. மாமி நேரத்துக்கு வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். மாமி இல்லாமல் என் சடங்கில் ஒரு தட்டும் நகராது. ஆனால் பின்னேரம் வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா கதிரை இழுத்துப் போட்டார், தேநீர் கொடுத்தார், பழைய கதைகளுக்குச் சிரித்தார். மாமி பலகாரத் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வேலையிடத்துக்கு வெளிக்கிடவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. என்னை ஒரு கதிரையில் இருத்தித் தலைமுடி பின்னிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழும்பினால் ஏசுவார்கள் என்று இருந்துவிட்டேன். “அப்பா, ஆணி” என்று அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாமி முறைக்கு முதல் தண்ணீர் வார்த்தது தவமணி மாமிதான். அவருடைய நகக்கண்ணில் பசையின் கறுப்பு இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. சேலை உடுத்திவிட்டு, இடுப்பில் கொசுவத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார். “வா பாப்பம்.” வரவில்லை. “சரி குஞ்சு. நீ இப்ப கடலுக்கும் போகலாம்” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. படப்பிடிப்பாளர் அதை எடுத்திருக்கிறார். அந்தப் படத்தை இப்போது எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை.

மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமி வந்து, “திங்கக்கிழமை கடல் ஓட்டத்துக்கு நான் போறன் அண்ணை. நீங்கள் வீட்டில ஆக்களைக் கவனியுங்கோ” என்றார். அந்தச் சோதனை ஓட்டத்தில் வழமையாக விரல்களைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருப்பது அப்பா. அப்பா “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டு யாருக்கோ கை காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை. மறந்துவிட்டார். அது உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை, வேகமாகப் போய்த் திரும்பும்போது பின் இடப்பக்கத்து விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. காற்று அந்த வழியாக வெளியேறியது. அந்தப் பக்கம் தாழ்ந்து தண்ணீரில் குத்தி, வாகனம் புரண்டது. ஓட்டியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மற்றப் படைவீரருக்குத் தோள். மாமி அந்த எட்டு விரல்களுக்கு மேலேதான் குனிந்து இருந்தார். தண்ணீர் குளிர். அவரைக் கண்டுபிடிக்கத்தான் கூடுதல் நேரம் எடுத்தது.

விசாரித்தவர்களுக்குத் தாள் கிடைத்தது. இரண்டு கையெழுத்தும் மாமியின் எழுத்து. அப்பாவிடம் கேட்டார்கள். எட்டு விரல் மிச்சம் இருக்கிறது, திங்கட்கிழமைவரை தொடாதே என்று தான் ரெலிபோனில் சொன்னதாக அப்பா சொல்லியிருக்கிறார். மாமி பிழை செய்யவில்லை என்று நான் எழுதவில்லை. செய்தார். வேறு ஒருவரின் கையெழுத்தைப் போட்டார். இழுத்துப் பார்க்காமல் தன்னுடையதையும் போட்டார். ஹென்றிக் சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டார். அண்ணை சொன்னபடியால் போட்டார். அண்ணையின் வேலையை இழுத்துப் பார்ப்பது, அண்ணையை நம்பவில்லை என்று சொல்வதுபோல அவருக்கு இருந்திருக்கும்.

செத்தவீட்டில் தேநீர் வரிசையில் இரண்டு பேர் கதைத்தார்கள். அவர்கள் பெயரும் எழுத மாட்டேன்.

“பாக்காமலே கையெழுத்து வைச்சவவாம். ரண்டு டெனிஷ்ப் பெடியளும் சாகப் பாத்ததுகள்.”

“வேலைக்க நிண்டு சாமத்திய வீட்டு யோசனை. பிறகென்ன.”

அவர்களுக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றது மாமியின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். சத்தமாகக் கதைக்கத் தெரியாதவர். கேட்டும் கேளாதவர்போல “சீனி காணுமோ?” என்று அவர்களிடம் கேட்டார்.

ஒரு கிழமை கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டார். “பிள்ளை, வெள்ளிக்கிழமை நீ அப்பாவோட காருக்க இருந்தனி என்ன? தவத்தோட கதைச்சது ஏதும் கேட்டதோ?” அவருக்குப் பின்னால் அப்பா தேநீர்த் தட்டோடு நின்றார். “இல்லை மாமா. நான் காதில பாட்டுப் போட்டிருந்தனான்” என்றேன். “சரி பிள்ளை. நான் சும்மா கேட்டனான்” என்று மாமா என் தலையைத் தடவினார்.

நேற்று நினைவு மலருக்கான என் தாளை அப்பா திருத்தினார். ‘கையால் இழுத்துப் பார்க்காத எதையும் மாமி நம்பியதில்லை’ என்று நான் எழுதியிருந்த வரியை வெட்டினார்.

“இது வேண்டாம்.”

“ஏன் அப்பா? உண்மைதானே.”

“உண்மை எண்டபடியாத்தான். வாசிக்கிற சனம், அப்ப ஏன் அண்டைக்கு மட்டும் பாக்கேல்லை எண்டு கேக்கும்.”

நான் டெனிஷில் கேட்டேன், நீங்கள் எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று. பயம் வந்தால் எனக்குத் தமிழ் வராது. அப்பா தமிழிலேயே பதில் சொன்னார்.

“சொன்னால் தவம் எழும்பி வருவாளோ? எனக்கு இனி வேலை இல்லை. ஜெயிலோ என்னவோ தெரியாது. உன்ர தம்பிக்கு ஏழு வயசு. அம்மாவால தனியச் சமாளிக்கேலுமோ? அவளுக்கு இனி நோகாது பிள்ளை. எங்களுக்குத்தான் நோகும்.”

பிறகு என் கையைப் பிடித்தார். “நீ காருக்க ஒண்டும் கேக்கேல்லை. விளங்குதோ?”

நான் தலையாட்டினேன். இரவில் அவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குக் கேட்கும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வருகிறது. ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறது.

இந்தக் கிழமையோடு விசாரணை முடிகிறதாம். நாளைக்குப் பின்னேரம் மாமா நினைவு மலருக்கான தாள்களை வாங்க வருவார். சொன்னால் அப்பாவை இழப்போம். சொல்லாவிட்டால், மாமி பார்க்காமல் கையெழுத்து வைத்து இறந்துபோனவராகவே இருப்பார். மாமாவும் கடைசிவரை அப்படியே நம்புவார். எந்தப் பக்கத்தை இழுத்தாலும் ஏதோ ஒன்று கையோடு வந்துவிடுகிறது. நான் சொல்லப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் அப்படிப்பட்டவள்தான். தலை பின்னிய கதிரையில் இருந்து எழும்பாதவள்.

மாமியினுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பென்சில் பை. பாவாடை வெட்டி மிஞ்சிய கறுப்புத் துண்டில் அவரே தைத்தது. தரும்போது தையலை என் கண் முன்னால் இழுத்துக் காட்டினார். தண்ணீர் உள்ளே போகாது. இந்தத் தாள்களை அதற்குள்தான் வைக்கப்போகிறேன். இன்று அதன் தையலை நானும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மாமி தைத்த எதுவும் வராது. அந்தப் பையும், காருக்குள் கேட்ட அவருடைய கடைசிச் சொல்லும்தான் எனக்கு மிச்சம். “நீங்கள் சொன்னாச் சரி.” அதை நம்பித்தான் அவர் போனார். அப்பாவைத் தவிர அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

யாருக்கும் காட்டாதீர்கள் என்று மேலே எழுதினேன். மாமாவுக்கு மட்டும் காட்டலாம். நாளைக்கு அவர் வரும்போது எனக்குத் துணிவு வராவிட்டால், இதைக் கண்டெடுக்கும் நீங்கள் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் இல்லாத தாளை யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்தவரின் பெயரை எழுதித்தான் இவ்வளவும் நடந்தது. ஆகவே என் பெயரை நானே, என் கையால், கீழே எழுதுகிறேன்.

கதவு தட்டும் சத்தம். அப்பா. “பிள்ளை, என்ன இன்னும் வெளிச்சம்?”

என் பெயர்